ஒரே ஆள் விரிக்கிற கூடாரம்

ஹவுன்ஸ்லோ
18 ஜனவரி 2004

அன்பு மச்சாளுக்கு,

உங்கள் பொங்கல் அட்டை வந்து சேர்ந்தது. இங்கே மூவரும் சுகம். மகள் கஜந்தினியின் தடிமனும் இருமலும் போய்விட்டன. உங்கள் முழங்கால் எப்படி? வீட்டுக்கார அண்ணையின் பிரஷர் இறங்கியதா? உங்கள் மகள் தர்ஷினி புதுப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கத் தொடங்கிவிட்டாளா?

ஒரு விஷயம் கேட்கவே எழுதுகிறேன். டிரெய்லர் டென்ட் ஒன்று வாங்க யோசிக்கிறோம். காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துப்போய், மூடியைத் திறந்து விரித்தால் கூடாரமாகிவிடுமே, அதுதான். நீங்கள் டென்மார்க்கில் ஒவ்வொரு கோடையும் அதில்தானே போகிறீர்கள். உங்கள் தம்பி பதினான்கு வருடமாக ஹீத்ரோவில் மற்றவர்களின் பெட்டிகளை விமானத்தில் ஏற்றினார். எங்களை ஓரிடமும் கூட்டிப் போகவில்லை. இப்போது கஜந்தினியின் பள்ளிச் சோதனை முடிந்ததும் வேல்ஸ் கடற்கரைக்குப் போவோம் என்று நிற்கிறார். ஹோட்டல் வேண்டாமாம். நாலு பேர் பார்க்கச் சாப்பிட விருப்பமில்லையாம்.

எது விரிக்க இலகு? கயிறும் கம்பியும் குறைவாக இருக்க வேண்டும். ஒரே ஆள் விரிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். பாரம் எழுநூற்றைம்பது கிலோவைத் தாண்டக் கூடாது. என் லைசென்ஸுக்கு அதற்கு மேல் இழுக்க அனுமதியில்லை.

இவர் மூன்று ஞாயிறாகப் போனுக்கு வரவில்லை என்று குறை நினைக்க வேண்டாம். ஷிப்ட் மாறிவிட்டது.

உங்கள் முழங்காலுக்கு எண்ணெய் பூசி வாருங்கள்.

அன்புடன்,
பிரமிளா


19 ஜனவரி
(எழுதி உறைக்குள் வைத்து, ஒட்டாமல் விட்டது)

மச்சாள்,

நேற்று எழுதியதில் சுகம் என்ற சொல் பொய். ஷிப்ட் மாறவில்லை. இவர் நவம்பரிலிருந்து வேலைக்குப் போவதில்லை. பேச்சு குழறுகிறது, அதனால்தான் போனுக்கு வருவதில்லை. கைகள் தம்பாட்டில் ஆடுகின்றன. நடக்கும்போது தெருவில் போகிறவர்கள் ஒதுங்குகிறார்கள். லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

டொக்டர் ஒரு பெயர் சொன்னார். எழுதினால் வீட்டுக்குள் குடிவந்துவிடும் போல இருக்கிறது. மருந்து இல்லை. பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு வருமாம், பாதிக்குப் பாதி. கஜந்தினி சோற்றுக் கோப்பையைத் தூக்கும்போதெல்லாம் அவள் விரல்களைத்தான் பார்க்கிறேன். அவளுக்கு இன்னும் தெரியாது. அப்பாவுக்கு நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

உங்களுக்குச் சொல்லக் கூடாது என்று கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார். "தர்ஷினிக்குக் கலியாணம் பேசுற நேரம். குடும்பத்தில ஒருத்தருக்கு எண்டு தெரிஞ்சால் பிறகு ஆரும் வரமாட்டினம்" என்றார்.

இதை அனுப்பப் போவதில்லை.


ஹேர்னிங்
2 பெப்ரவரி 2004

என் அன்பு பிரமிளா,

உம்முடைய கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். நாங்கள் உயிரோடு, உறைபனிக்குள் இருக்கிறோம். முழங்கால் மாடிப்படியை எண்ணுகிறது. அண்ணையின் பிரஷர் என்னோடு வாய்காட்டும்போது மட்டும் ஏறும்.

டென்ட் விஷயத்தில் நீர் சரியான ஆளைத்தான் கேட்டீர். முதல் வருடம் அண்ணை கம்பிகளுக்கு இலக்கம் போடாமல் கொண்டுபோனார். மழைக்குள் கூடாரம் அவர் தலைமேல் இறங்கிவிட்டது. உள்ளேயிருந்து, "கலா, வாசல் எந்தப் பக்கம்?" என்று கத்துகிறார். பக்கத்து டெனிஷ்காரர் கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வந்து மீட்டார். ஆகவே தனித்தனிக் கம்பி உள்ளதை வாங்க வேண்டாம். மூடியைப் புரட்டினால் சட்டம் தானாக எழும்புகிற வகை ஒன்று உண்டு. கட்டில் இரண்டு பக்கமும் வரும். அதுதான் உமக்கு.

ஒன்று விளங்கவில்லை. ஏன் உம்முடைய லைசென்ஸ்? தம்பி தொண்ணூற்றிரண்டில் எடுத்தவன். பழைய லைசென்ஸுக்கு அந்தப் பாரக் கட்டுப்பாடு இல்லையே.

இனி நல்ல செய்தி. தர்ஷினிக்கு டூட்டிங்கில் ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. மாப்பிள்ளை கீர்த்தனன், எஞ்சினியர். சாதகக் குறிப்புப் பொருந்திவிட்டது. தாய் ஜெயகௌரி உங்கள் வீட்டுக்கு விசாரிக்க வருவா. லண்டனில் எங்களுக்கு வேறு ஆர்? நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லும்.

அண்ணை பக்கத்தில் நின்று நக்கலடிக்கிறார்: "விடிஞ்சால் இவள் முகம் கழுவ முந்தி ஊசியும் நூலும் எடுக்கிறாள், கலியாணச் சட்டையும் இவளே தைப்பாள்." கவனிக்காதேயும்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு திரியும்.

உம்முடைய மச்சாள்,
கலாவதி


ஹவுன்ஸ்லோ
29 பெப்ரவரி 2004

அன்பு மச்சாளுக்கு,

தர்ஷினியின் செய்தி கேட்டு எல்லோருக்கும் சந்தோஷம். எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. உங்கள் படிகளில் உப்புப் போடச் சொல்லுங்கள், விழுந்துவிடாதீர்கள்.

லைசென்ஸைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இவருக்குத் தோளில் நோவு. பெட்டி தூக்கின தோள்தானே. அதனால் நான் ஓட்டுகிறேன்.

போன சனிக்கிழமை டென்ட் விற்கும் இடத்துக்குப் போனோம். எட்வேட் என்ற வயதான வெள்ளைக்காரர் வயல் போன்ற ஓரிடத்தில் நாலைந்தை விரித்து வைத்திருந்தார். நீங்கள் சொன்ன வகையும் இருந்தது. நான்கு மூலைக் கால்களையும் திருகி இறக்க வேண்டும். கொக்கிகளைக் கழற்றி மூடியைப் புரட்ட வேண்டும். சட்டத்தை இழுத்துப் பூட்ட வேண்டும். நான் தனியாக நான்கு தரம் விரித்து நான்கு தரம் மடித்தேன். முதலில் இருபத்தெட்டு நிமிடம். நாலாவது தரம் பதினாறு.

"கணவர் கைகொடுக்க மாட்டாரா?" என்று எட்வேட் சிரித்துக்கொண்டு கேட்டார்.

"அப்பா சுப்பவைசர்" என்றாள் கஜந்தினி.

இவர் காருக்குள் இருந்தார், இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு. குளிர்தான். நான் ஐந்தாவது தரமும் விரிக்கப் போனேன். எட்வேட், "அம்மா, இது சோதனை இல்லை" என்றார். ஏன் அப்படி அவசரப்பட்டேன் என்று எனக்கும் தெரியவில்லை. மழை வந்தால், காற்று வந்தால், பக்கத்தில் ஒருவரும் இல்லாவிட்டால் என்று மனம் தன்பாட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது.

ஜெயகௌரி அம்மா எப்போது வருவா?

வணக்கத்துடன்,
பிரமிளா


ஹேர்னிங்
14 மார்ச் 2004

அன்பு பிரமிளா,

எல்லாரும் நலமென்று எழுதியிருந்தீர், நாங்களும் அப்படியே. உறைபனி கரைந்து சேறாகியிருக்கிறது. தம்பியின் தோளுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடும்.

ஜெயகௌரி இருபத்தெட்டாம் தேதி ஞாயிறு பத்து மணிக்கு வருவா. வடை சுடும். அவ எல்லாம் துருவிக் கேட்கிற ஆள். எங்கள் ஆட்கள் பெண்ணைப் பார்க்க முதல் நோய் வருத்தத்தைத்தானே பார்ப்பார்கள். எங்கள் பரம்பரையில் ஒன்றுமில்லையென்று துணிந்து சொல்லும்.

எங்கள் அப்பாவைப் பற்றிக் கேட்டால், கிணற்றடியில் விழுந்து போனவர் என்று சொன்னால் போதும். அவருடைய குடியைப் பற்றித் தெரிந்திருந்தால் மறுக்க வேண்டாம், விரிக்கவும் வேண்டாம். முப்பத்துமூன்று வருடப் பழைய கதை.

ஒரு தட்டை நேற்றுப் போட்டு உடைத்துவிட்டேன். சவர்க்காரக் கை. அவ்வளவுதான்.

பிள்ளைக்கு முத்தம்.

மச்சாள் கலாவதி


ஹவுன்ஸ்லோ
4 ஏப்ரல் 2004

அன்பு மச்சாளுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? நாங்கள் இருக்கிறோம்.

ஜெயகௌரி அம்மா வந்தா. இரண்டு பெட்டி பலகாரத்தோடு வந்து, சோபாவின் நடுவில் இருந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தொடங்கினா.

"நீங்கள் பெட்டைக்கு மாமி முறை. ஒளிக்காமல் கேக்கிறன். வலிப்பு, வாதம், மண்டைப் பிழை ஏதும்?"

"ஒண்டுமில்லை" என்றேன்.

"தாய் பக்கத்தில?"

நான் வாய் திறக்க முந்தி இவர் தேநீரை எடுத்தார். கோப்பை கைநழுவி, தேநீர் முழுக்க அவவின் சேலையில் ஊற்றுண்டது. எழும்பப் பார்த்து மேசையிலும் மோதிவிட்டார். ஜெயகௌரி அம்மா அவருடைய கைகளையே பார்த்தா.

"மன்னிச்சுக் கொள்ளுங்கோ அக்கா" என்றார் இவர். "காலமையே கொஞ்சம் போட்டிட்டன்."

அவ என்னைத் திரும்பிப் பார்த்தா. நான் தலையைக் குனிந்தேன்.

"சீ, இதுதானா? நான் என்னவோ எண்டெல்லோ பயந்திட்டன்!" என்று சிரித்தா. "எங்கட வீட்டிலயும் ஒருத்தர் இருக்கிறார், வெள்ளிக்கிழமையில கிறிஸ்மஸ் மரம் மாதிரி ஜொலிச்சுக்கொண்டு வருவார். குடி அவரவரோட போற சாமான், தங்கச்சி. ரத்தத்தில வராதுதானே."

"வராது" என்றேன்.

சேலையைத் துடைத்துக்கொடுத்து, வடை கட்டிக் கொடுத்து அனுப்பினேன். அவவுக்கு முழுத் திருப்தி.

உங்கள் தம்பி தகப்பனைப் போல் ஆகிவிடக் கூடாதென்று அதுவரை ஒரு சொட்டும் தொடாதவர் என்பது உங்களுக்குத் தெரியும். அன்று எடுத்துவிட்டார். அதைத் தவிர வேறு ஒன்றுமில்லை. இவருக்காக நான் மன்னிப்புக் கேட்கிறேன்.

என்றும் அன்புள்ள,
பிரமிளா


ஹவுன்ஸ்லோ
16 மே 2004

அன்பு மச்சாளுக்கு,

ஆறு கிழமையாக உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. ஞாயிறுகளில் அண்ணைதான் பேசுகிறார். கலா வேலைக்குப் போய்விட்டா என்கிறார். நீங்கள் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் ஒவ்வொரு ஞாயிறும் ஷிப்டா? முழங்கால் மோசமாகிவிட்டதா? என்மேல் கோபமா? எதுவானாலும் எழுதுங்கள். தபால்காரர் கடந்து போனதும் கதவடிக்குப் போய்ப் பார்க்கிறேன்.

டென்ட் வாங்கிவிட்டோம். பழைய சாம்பல் நிறம். வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்கு இழுத்துப் போய்ப் பூசை செய்தோம். டயருக்குக் கீழே தேசிக்காய் வைத்து நான்தான் நசித்தேன். "ஆற்றை பேரில அர்ச்சனை?" என்று ஐயர் கேட்டார். இவர் தன் பெயரைச் சொல்லவில்லை. கஜந்தினியின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னார்.

"அப்பா, டென்ட் உங்கட ஐடியா. பேர் மட்டும் என்னுடையதா?" என்று அவள் சண்டை பிடித்தாள்.

ஜெயகௌரி அம்மா போன் எடுத்தா. ஓகஸ்ட் கடைசியில் நிச்சயதார்த்தம் வைக்கலாம் என்று நீங்கள் சொன்னதாகச் சொன்னா. அவவோடு பேசுகிறீர்கள். என்னோடுதான் இல்லை.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
பிரமிளா


ஹேர்னிங்
30 மே 2004

பிரமிளா,

நான் சுகமாயில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

உம்மோடு கோபமும் இல்லை. "உங்கட தம்பி கொஞ்சம் குடிப்பாராம், பரவாயில்லை" என்று ஜெயகௌரி போனில் சொன்ன அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. பிறகு உம்முடைய கடிதம் வந்தது. பிறகு பழைய கடிதங்களை எடுத்து வைத்து வாசித்தேன். ஒரே ஆள் விரிக்கிற டென்ட். உம்முடைய லைசென்ஸ். நாலு பேர் பார்க்கச் சாப்பிடாதவன். தொடைக்குக் கீழே கை.

அப்பா குடிக்கவில்லை, பிரமிளா. ஒரு நாளும் குடித்ததில்லை.

அவருடைய கை ஆடத் தொடங்கியபோது எனக்குப் பதினாறு வயது. பெரியாஸ்பத்திரியில் டொக்டர், இது நரம்பு வருத்தம், பரம்பரையாக வருகிறது, பிள்ளைகளைக் கவனியுங்கள் என்று அம்மாவிடம் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். தம்பி சின்னவன், வெளியே ஐஸ்பழம் குடித்துக்கொண்டு நின்றான். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸுக்குள் வைத்தே அம்மா முடிவெடுத்தா. "குடியெண்டு சொல்லுவம். குடிகாரன்ர பிள்ளையளை ஆரும் கட்டுவினம். வருத்தக்காரன்ர பிள்ளையளை ஆரும் கட்டமாட்டினம்." அப்பாவுக்கும் அது விளங்கியது. ஊர் சிரிக்க, வெறும் வயிற்றோடு தள்ளாடிக்கொண்டு போவார். மூன்று வருடத்தில் கிணற்றடியில் விழுந்தார்.

தம்பிக்கும் குடியென்றுதான் சொன்னோம். அவன் அப்பாவை வெறுத்தே வளர்ந்தான்.

நான் இருபத்தைந்து வருடமாக விடிய எழும்பி ஊசிக்கு நூல் கோக்கிறேன். கோத்து முடிந்தால் அன்றைக்கு நான் தப்பினேன் என்று அர்த்தம்.

உம்மைப் பெண் பார்க்க வந்தபோது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

கலாவதி


9 ஜூன் 2004

நலம் விசாரிக்க என்னால் இயலவில்லை.

நான் உயிரியல் படிப்பித்தவள். பட்டாணிச் செடிக்கு நான்கு கட்டம் கீறி, எது பிள்ளைக்குப் போகும், எது போகாது என்று எத்தனை வகுப்புக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன். உங்கள் வீட்டுக்கு நான் வந்தபோது என்னிடம் மட்டும் ஒரு கட்டத்தை மறைத்துவிட்டீர்கள். தெரிந்திருந்தால் இவரைக் கட்டியிருக்க மாட்டேனா? அதுவும் எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் உரிமையைத்தான் எடுத்துவிட்டீர்கள். தெரிந்திருந்தால் கஜந்தினி இல்லை. இதை எழுதும்போது அவள் அடுத்த அறையில் சத்தமாகப் பாட்டுப் போட்டுக்கொண்டு படிக்கிறாள். அவள் இல்லை என்று எழுதிய கையை என்ன செய்வது?

நானும் அதைத்தான் செய்தேன். ஜெயகௌரியிடம் தலையைக் குனிந்தேன். உங்கள் அம்மாவுக்கு ஒரு பஸ் பயணம் எடுத்தது. எனக்கு ஒரு கோப்பை தேநீர் சிந்துகிற நேரம்.

தர்ஷினிக்குச் சொல்லுங்கள். ஜெயகௌரிக்கு அல்ல, தர்ஷினிக்கு. ஜூன் முடிய முதல் நீங்கள் சொல்லாவிட்டால் நான் எழுதுவேன்.

பிரமிளா


ஹேர்னிங்
27 ஜூன் 2004

பிரமிளா,

உம்முடைய கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன். நீர் விசாரிக்காவிட்டாலும் நான் விசாரிக்கிறேன்: தம்பி சாப்பிடுகிறானா? நீர் சாப்பிடுகிறீரா?

சொல்லிவிட்டேன். சமையலறையில் வைத்து, அண்ணையும் இருக்க. அண்ணைக்கும் அன்றுதான் தெரியும். அவர் எழும்பிப் போய்த் தோட்டத்தில் நின்றார்.

தர்ஷினி என் தையல் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தாள். பிறகு கேட்டாள்: "சின்னனில கேட்டனானெல்லோ அம்மா, ஏன் ஒவ்வொரு நாளும் ஊசி கோக்கிறீங்கள் எண்டு. கண் பாக்கிறன் எண்டு சொன்னீங்கள்."

அன்றே கீர்த்தனனுக்குத் தானே போன் எடுத்துச் சொன்னாள். அவன் முழுக்கக் கேட்டானாம். பிறகு, "அம்மாவைக் கேட்டுச் சொல்றன்" என்றானாம். எட்டாம் நாள் அவளுடைய சாதகக் குறிப்பு ரெஜிஸ்டர் தபாலில் திரும்பி வந்தது. கடிதம் இல்லை. மடிப்புக்கூடக் கலையவில்லை.

"அம்மாவைக் கேட்டுச் சொல்ற ஆளிட்ட இருந்து தப்பினன்" என்று சிரித்தாள். பிறகு குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள். முக்கால் மணித்தியாலம் தண்ணீர் ஓடியது. நான் கதவுக்கு வெளியே இருந்தேன்.

வேல்ஸுக்குத் தானும் வரப் போகிறாளாம். மாமாவைப் பார்க்க வேணுமாம். சேர்த்துக்கொள்வீரா? நான் வரவில்லை. தம்பியின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயம். அவனுடைய கைகளைப் பார்க்க அதைவிடப் பயம்.

அப்பாவைப் பற்றி அவனுக்கு நீரே சொல்லும். என்னால் ஏலாது.

கலாவதி


வேல்ஸ், கடற்கரை முகாம்
11 ஓகஸ்ட் 2004

மச்சாளுக்கு,

காற்று பலம்; மற்றபடி சுகம். அதில் பொய்யில்லை. தர்ஷினிக்கு வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருக்கிறது, கவலைப்பட வேண்டாம். உங்கள் முழங்கால் எப்படி?

வந்த அன்று மழை. நான் தனியாகவே விரிப்பேன் என்று காரிலிருந்து இறங்கினேன். ஆறு மாதமாகப் பழகிய ஒழுங்கு முழுக்க மறந்துபோனது. பெண்கள் இருவரும் என்னைக் கேட்காமல் ஆளுக்கு இரண்டு காலாக இறக்கினார்கள். இவர் கதிரையில் குடைக்குக் கீழே இருந்து, "இடப் பக்கம் பதியுது, பலகை வையுங்கோ!" என்று குழறிக் குழறிக் கத்தினார். கட்டளைகள் விளங்காமல் மூவரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஒன்பது நிமிடம்.

உங்கள் அப்பாவைப் பற்றி இவருக்கு மறுநாள் மணலில் வைத்துச் சொன்னேன். "நான் அந்த மனுசனோட கடைசி வருசம் கதைக்கவே இல்லை" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு சோறு கேட்டார். கூடாரத்துக்குள் இருந்து கையால் சாப்பிட்டார். பாதி பாயில் சிந்தியது. பார்க்க ஒருவருமில்லை, நாங்கள்தான்.

கஜந்தினிக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தர்ஷினி சொல்லிவிட்டாள். நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு வரும்போது இருவரும் வாசலில் இருந்து, கைகளை நீட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்கு கைகளும் அசையாமல் இருந்தன. வாளியோடு அப்படியே நின்றுவிட்டேன். அங்கே நின்று பார்க்கவும் பயம், கிட்டப் போகவும் பயம்.

"பதினெட்டு வயசானால் டெஸ்ட் எடுக்கலாமாம், அம்மா" என்றாள் கஜந்தினி. "எடுக்கிறதோ இல்லையோ எண்டு நான்தான் முடிவு பண்ணுவன்."

ஓம் என்றேன்.

உங்கள் மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். ஆனால் இவர் ஒவ்வொரு நாளும், "அக்கா வரேல்லையோ?" என்று கேட்கிறார்.

பிரமிளா


ஹேர்னிங்
12 செப்டம்பர் 2004

என் அன்பு பிரமிளா,

தர்ஷினி கறுத்து, மெலிந்து, நல்ல பசியோடு வந்து சேர்ந்தாள். படங்கள் காட்டினாள். தம்பி குடைக்குக் கீழே இருக்கிற படத்தை அண்ணை சட்டகம் போட்டு வைத்திருக்கிறார். அப்பாவின் இருப்புத்தான், அப்படியே. நீங்கள் மூவரும் சுகமாக இருக்க வேண்டும்.

உமக்கு மட்டும் ஒன்று எழுதுகிறேன். தர்ஷினிக்கு இன்னும் சொல்லவில்லை. வருகிற ஞாயிறு சொல்லுவேன், இது சத்தியம். போன கிழமை மூன்று நாள் ஊசிக்குள் நூல் போகவில்லை. கண்ணாடியை மாற்றிப் பார்த்தேன். ஜன்னலடியில் இருந்து பார்த்தேன். ஐம்பத்திரண்டு வயதுக் கண்தானே, கண்ணாகத்தான் இருக்கும். நாளான்றைக்கு டொக்டரிடம் போகிறேன். அண்ணை கூட வருகிறார்.

அடுத்த கோடையும் வேல்ஸுக்குப் போவீர்களா? தம்பியைப் பார்க்க வேண்டும். கம்பியோ கயிறோ ஒன்றையும் நான் தொட மாட்டேன். அவனுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டால் போதும்.

அந்த டென்டுக்குள் எத்தனை பேர் படுக்கலாம் என்று எழுதும்.

மச்சாள் கலாவதி